மலைத்தீயும் உன் மாமாவும்

நாட்றாம்பாளையம்,
20-4-2025.

அன்பு மகள் ஹரிணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், செவலைப் பசுவும் அதன் கன்றும்கூடச் சௌக்கியம்தான். அந்தப் பனிமலையில் நீயும் உன்னோடு காவல் நிற்கும் பெண்பிள்ளைகளும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது கேட்டுக்கொள்கிறேன். நீ இருக்கும் இடத்திலும் டவர் இல்லை, நம் கொட்டாய் ஊரிலும் டவர் இல்லை, அதனால் நமக்கு இந்தக் காகிதம்தான் சரி. மூக்கண்டப்பள்ளியிலிருந்து உன் சித்தப்பா மகன் ராஜேஷ்குமார் உனக்கு ஏதோ வீடியோ அனுப்பினானாம், பெரியப்பா ஊரில் காடு எரிகிறது என்று. நீ கீழே முகாமுக்கு இறங்கி வந்த அன்று அதைப் பார்த்துப் பதறிப்போய் அஞ்செட்டி மளிகைக் கடைக்கு மூன்று தடவை போன் செய்தாயாம், கடைக்காரர் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் பாப்பா, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நம் வீடு அப்படியே இருக்கிறது, மாடு கன்று எல்லாம் பிழைத்தன. உன் தங்கதுரை மாமாவின் ராகித்தாள் போர் மட்டும் எரிந்து போயிற்று, அவர் மீசையில் பாதியும் கூடவே போயிற்று. போர் திரும்ப வந்துவிட்டது, மீசை முளைத்துக்கொண்டிருக்கிறது. இனி நிதானமாக முதலிலிருந்து சொல்கிறேன், நீயும் நிதானமாகப் படி.

போன வருஷம் நீ பயிற்சியில் இருந்தபோது தீ வந்து மேட்டு வீட்டு நஞ்சம்மாவின் மாட்டுக் கொட்டகையைத் தின்றதை உனக்கு எழுதியிருந்தேன், ஒரு சினைப்பசு கட்டுத்தறியிலேயே செத்தது. அதற்குப் பிறகு நஞ்சம்மா சொசைட்டியில் பால் அளக்கும்போதுகூட யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. இந்த வருஷம் தை முடிவதற்குள்ளேயே மலை காய்ந்து மொறுமொறுவென்று ஆகிவிட்டது. உண்ணிப்புதர் ஆள் உயரத்துக்கு வளர்ந்து வீட்டுக் கொல்லை வரைக்கும் இறங்கியிருந்தது. மாசி பிறந்ததும் வனத்துறையிலிருந்து கார்டு ஹரீஷ்குமார் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார். நல்ல மனிதர், கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். வெயில் காலத்தில் காட்டுக்குத் தீ வைக்காதீர்கள், வீட்டுக்கும் காட்டுக்கும் நடுவில் முப்பதடி அகலத்துக்கு ஒரு புல்கூட இல்லாமல் வெட்டி லைன் போடுங்கள், தீயைப் பார்த்தால் எங்களுக்கு உடனே சொல்லுங்கள் என்றார். எல்லாரும் தலையை ஆட்டிவிட்டு டீ குடித்தார்கள். நான்தான் எழுந்து, "டவர் இல்லாத ஊர்ல உடனேன்னா எப்பிடி சார் சொல்றது, நீங்க வந்து சேர்ற வரைக்கும் நாங்க என்னா பண்றது" என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அது நீங்கதாம்மா முடிவு பண்ணணும், நாங்க அஞ்சு பேரு, காடு எவ்ளோ பெருசுன்னு உங்களுக்கே தெரியும்" என்று உண்மையை ஒப்புக்கொண்டார். அந்த உண்மைதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

நான் மூக்கண்டப்பள்ளியில் பேக்கிங் செக்‌ஷனில் பதினோரு வருஷம் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். அதில் கடைசி நான்கு வருஷம் எனக்கு மஞ்சள் கோட் போட்டு ஃபயர் மார்ஷல் என்று பெயர் வைத்திருந்தார்களே, நீகூட அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வீட்டில் சுற்றுவாய். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சைரன் அடிக்கும், எல்லாரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு கேட் பக்கம் போய் நிற்க வேண்டும், நான் அட்டையை வைத்துக்கொண்டு தலை எண்ண வேண்டும். அங்கே ஆறு நிமிஷத்தில் முந்நூறு பேர் வெளியே வருவோம். இங்கே முப்பத்தெட்டு வீடு, யார் எந்தப் பக்கம் ஓடுவது என்றுகூட யாருக்கும் தெரியாது. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் உன் பழைய நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் வீடு வீடாகப் பெயர் எழுத ஆரம்பித்தேன். உன் அப்பா பார்த்துவிட்டு, "இது கம்பெனி இல்ல சரசு, காடு. தீ உன் அட்டையப் பாத்து நிக்குமா" என்று சிரித்தார். சிரித்தாலும் மறுநாள் காலையில் கொடுவாளைத் தீட்டிக்கொண்டு முதல் ஆளாகப் புதர் வெட்ட வந்தவர் அவர்தான். இரண்டாவதாக வந்தது நஞ்சம்மா. யாரும் கூப்பிடவில்லை, எதுவும் பேசவும் இல்லை, இடுப்பில் புடவையைச் செருகிக்கொண்டு உண்ணிச்செடியை வேரோடு பிடுங்க ஆரம்பித்துவிட்டாள். அவளைப் பார்த்த பிறகு மகளிர் குழுப் பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். கிழக்கே பெரிய பாறையிலிருந்து மேற்கே ஓடை வரைக்கும் பத்தொன்பது நாள் வெட்டினோம். கை முழுக்கக் கீறல், ஆனால் வேலை நடுவே சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கம்பெனி கேன்டீனில்கூட அப்படிச் சிரித்ததில்லை.

இதில் ஒரே ஒரு ஆள் வரவில்லை, அது உன் மாமா. என் சொந்த அண்ணன். மாமாவின் இருபத்திரண்டு மாடுகளைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழைக்கு முன்னால் காய்ந்த புல்லுக்குத் தீ வைத்தால் இளம்புல் சீக்கிரம் வரும் என்று ஒவ்வொரு பங்குனியும் மேற்குச் சரிவில் அவர் வைப்பதும் ஊருக்கே தெரியும். இரண்டாவது கூட்டத்தில் நான் எல்லார் முன்னாலும் எழுந்து, "அண்ணா, இந்த வருஷம் நீ தீ வெக்கக் கூடாது, வீட்டுச் செவுத்த ஒட்டிப் போட்டிருக்கற தாள் போரையும் தள்ளிப் போடணும்" என்று சொல்லிவிட்டேன். தனியாகப் போய்ச் சொல்லியிருக்கலாம். கம்பெனியில் சூப்பர்வைசர் சொல்கிற மாதிரி விரலை நீட்டிச் சொன்னேன், அது தப்பு. அவர் முகம் சிவந்துவிட்டது. "நெருப்பப் பத்தி எனக்கு நீ சொல்லித் தரியா? நான் வெச்ச தீ எங்க நிக்கணுமோ அங்க நிக்கும். கோட்டு போட்டுக்கிட்டு நாலு வருஷம் நின்னுட்டா மலை தெரிஞ்சிடுமா" என்று சொல்லித் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து நம் வீட்டுப் படி ஏறவில்லை. வாரத்தில் நான்கு நாள் நம் வீட்டில் களி சாப்பிடுகிற மனிதர். உன் அத்தை மட்டும் பின்வாசல் வழியாக வந்து, அவருக்குத் தெரியாமல் கொஞ்ச நேரம் புதர் வெட்டிவிட்டுப் போவாள்.

லைன் முடிந்ததும் ஒத்திகை வைத்தோம். அந்தக் கதையைக் கேட்டால் நீ காவல் நிற்பதை விட்டுவிட்டுச் சிரிப்பாய். ராகி அடிக்கும் பாறைக்களத்தில் புல் பூண்டு கிடையாது, தீ ஏறாது, அதனால் எல்லாரும் அங்கே வந்து கூட வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். காலை பத்து மணிக்கு நான் கம்பெனி விசிலை ஊதினேன். ஒரு ஆள் வரவில்லை. மறுபடி ஊதினேன். பாதி வீட்டில் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது, மீதிப் பேர் மொட்டை மாடியில் ஏறிப் பட்டாசு கொளுத்திப் போடுகிறார்கள். விசில் ஊதினால் யானை வந்திருக்கிறது என்றுதானே இந்த மலையில் அர்த்தம், அது எனக்கு மறந்தே போய்விட்டது! யானை எந்தப் பக்கம், எந்தப் பக்கம் என்று மாடியிலிருந்து கத்துகிறார்கள், யானை இல்லை யானை இல்லை என்று நான் கீழேயிருந்து கத்துகிறேன். அப்புறம் பள்ளிக்கூடத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டைத் தீ மணியாக வைத்துக்கொண்டோம். சொசைட்டி பக்கத்திலேயே இருப்பதால் அதை அடிக்கிற பொறுப்பு நஞ்சம்மாவுக்கு. இரண்டாவது ஒத்திகையில் உன் மாமா தவிர எல்லாரும் வந்தார்கள், ஆனால் என்னென்ன தூக்கிக்கொண்டு வந்தார்கள் தெரியுமா, ஒருத்தர் டி.வி., ஒருத்தர் மிக்சி, இன்னொரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி சேர்ந்து பீரோவை வாசல் வரை இழுத்து அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். மாட்டை அவிழ்த்துவிட யாருக்கும் ஞாபகம் வரவில்லை. நஞ்சம்மா அதைப் பார்த்துவிட்டு, பல மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக எல்லார் முன்னாலும் வாய் திறந்து, "மொதல்ல கயிற அவுருங்க, அப்புறம் மிக்சியத் தூக்குங்க" என்று ஒரே போடாகப் போட்டாள். அதையே நோட்டில் முதல் விதியாக எழுதினேன்.

அதே நாளில் இன்னொரு கூத்து. ஓசூர் வேலைக்குப் போனவர்களையும் உன் மாமாவையும் கழித்து நூற்று நாற்பத்தொன்பது பேர் கணக்கு, எண்ணினால் ஒரு ஆள் குறைகிறது. மறுபடி எண்ணினேன், குறைகிறது. கிணற்றில் எட்டிப் பார்த்தார்கள், ஓடையில் தேடினார்கள், அரை மணி நேரம் கொட்டாயே கலங்கிப்போயிற்று. கடைசியில் வீடு வீடாகப் படித்துப் பார்த்தால் நம் வீட்டுக்கு நேராக மூன்று என்று இருக்கிறது. நான் இரண்டு என்று எழுதியிருந்ததை உன் அப்பா அடித்துவிட்டு உன் பெயரையும் சேர்த்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு எல்லார் முன்னாலும் கேட்டேன், அருணாச்சலப் பிரதேசத்தில் இருக்கிறவளை இங்கே பாறையில் எங்கே தேடுவது என்று. அவர் தலையைக் குனிந்துகொண்டு, "வீட்டுல எத்தினி பேருன்னு எழுதச் சொன்னா எம்பொண்ண விட்டுட்டு எப்பிடி எழுதறது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வெளியூரில் இருக்கிறவர்களுக்கென்று தனிப் பக்கம் போட்டு உன்னை அங்கே எழுதினேன். ஒத்திகை மூன்று, நான்கு என்று வைத்துக்கொண்டே போனதில் நேரம் பத்து நிமிஷத்துக்கு இறங்கியது. பூச்சிமருந்து அடிக்கும் முதுகு டேங்குகள் ஊரில் பதினான்கு இருந்தன, எல்லாவற்றையும் மருந்து வாடை போகக் கழுவித் தண்ணீர் நிரப்பி வைத்தோம். டவர் கிடைக்கும் வளைவு வரைக்கும் மொபெட்டில் போய் கார்டுக்குப் போன் செய்வது உன் அப்பா வேலை. ஒவ்வொரு ஒத்திகைக்கும் மாமா வீட்டிலிருந்து அத்தை மட்டும் வருவாள்.

மார்ச் பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு மணி இருக்கும். நான் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தேன். மேற்குக் கரட்டுக்குப் பின்னால் புகை எழும்பியது, முதலில் வெள்ளையாக, அப்புறம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுப்பாக. நான் எழுந்து ஓடுவதற்குள் தீ மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது. நஞ்சம்மா நிறுத்தாமல் அடித்தாள், அந்தச் சத்தத்தில் ஒத்திகை நாள் சிரிப்பு ஒன்றும் இல்லை பாப்பா. ஆனால் ஜனங்களைப் பார்க்க வேண்டுமே, ஒருத்தர்கூட டி.வி.யைத் தொடவில்லை. கயிறுகளை அவிழ்த்தார்கள், மாடுகள் பாதை தெரிந்த மாதிரி பாறைப் பக்கம் ஓடின, நடக்க முடியாத இரண்டு பேரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள், உன் அப்பா மொபெட்டை உதைத்துக்கொண்டு வளைவுக்குப் போனார். ஒன்பது நிமிஷத்தில் எல்லாரும் பாறையில். நான் நோட்டை விரித்து எண்ணினேன். ஓசூர் வேலைக்குப் போனவர்களைக் கழித்தேன், உன் அப்பாவைக் கழித்தேன். ஒரு ஆள் குறைந்தது. இந்தத் தடவை எழுத்துப்பிழை இல்லை, அது உன் மாமா. காலையில் மாட்டை ஓட்டிக்கொண்டு மலைக்குப் போனவர் என்று யாரோ சொன்னார்கள். தீப்பெட்டி இல்லாமல் போகிற ஆளா என்று இன்னொருத்தர் சொன்னார். அப்போது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பயமும் ஆத்திரமுமாக, "வேற யாரு, எங்கண்ணன் வேலதான் இது. வருஷா வருஷம் பண்றத இந்த வருஷமும் பண்ணிட்டாரு" என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் உன் அத்தை நின்றிருந்தாள். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு புகையையே பார்த்தாள்.

பேசிவைத்தபடி பதினான்கு பேர் டேங்கை மாட்டிக்கொண்டு லைனுக்குப் போனோம். மீதிப் பேர் ஈரச் சாக்கோடு வீடுகளுக்குக் காவல். லைனில் ஓடைப் பக்கம் போகப் போக அனல் முகத்தில் அடிக்கிறது, மூங்கில் வெடிக்கிற சத்தம் துப்பாக்கி மாதிரி கேட்கிறது. அங்கே புகைக்குள் யாரோ இருமுகிறார்கள். பார்த்தால் உன் மாமா. சட்டை இல்லை, மீசை ஒரு பக்கம் கருகியிருக்கிறது, கையில் பச்சைத் தழைக் கொத்து, லைனைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கிற தீயைத் தனி ஆளாக அடித்து அமுக்கிக்கொண்டிருக்கிறார். மாடுகளைத் தெற்கே ஓடை மணலில் விட்டுவிட்டுத் திரும்ப ஓடி வந்திருக்கிறார். எங்களைப் பார்த்ததும், "அங்க நிக்காதீங்க! இன்னும் செத்த நேரத்துல காத்து பள்ளத்துல இருந்து மேல திரும்பும். அது திரும்பறப்ப நாம இங்கிருந்து எதிர்த்தீ வெச்சா ரெண்டும் மோதிக்கிட்டு அங்கியே செத்துரும். லைன் ஓரமா வரிசையா நின்னு தண்ணியடிங்க, நான் வெக்கறேன்" என்று கத்தினார். இடுப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவர்தான் தீ வைத்தார் என்று கால் மணி நேரத்துக்கு முன்னால் சொன்னவள் நான், இப்போது அவரே இன்னொரு தீ வைக்கிறேன் என்கிறார், வைக்கட்டுமா என்று என்னைக் கேட்கிற மாதிரி மற்ற பதின்மூன்று பேரும் பார்க்கிறார்கள். கம்பெனியில் எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. பின்னால் முப்பத்தெட்டு வீடு. நான் அவர் கண்ணைப் பார்த்தேன், புகையில் சிவந்திருந்தது, ஆனால் கண் காற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, எங்களை இல்லை. "அண்ணன் சொல்ற மாதிரி செய்யுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, இரண்டாவது தடவை சத்தமாகச் சொன்னேன்.

அவர் சொன்ன மாதிரியே காற்று திரும்பியது. சுருட்டி வைத்த கயிற்றைப் பிரித்து விடுகிற மாதிரி அவ்வளவு நிதானமாக லைனின் அந்தப் பக்கத்து ஓரத்திலேயே தீயை வைத்துக்கொண்டே நடந்தார். நாங்கள் இந்தப் பக்கம் நின்று, வெட்டிய மண்ணில் ஒரு பொறிகூட விழாமல் தண்ணீர் அடித்தோம். சின்னத் தீ மேலே ஏறிப் போயிற்று, பெரிய தீ கீழே இறங்கி வந்தது, இரண்டும் மோதியபோது ஒரு பெரிய மூச்சு விட்ட மாதிரி சத்தம், அப்புறம் எரிய ஒன்றும் இல்லாமல் அப்படியே அடங்கிவிட்டது. பத்தொன்பது நாள் நாங்கள் வெட்டிய முப்பதடி மண் இல்லாவிட்டால் அவரால் எதிர்த்தீ வைத்திருக்க முடியாது, அவர் இல்லாவிட்டால் அந்த முப்பதடி எங்களைக் காப்பாற்றியிருக்காது. இதை நான் சொல்லவில்லை, ஒரு மணி நேரம் கழித்து ஆட்களோடும் காற்றடிக்கும் மெஷினோடும் வந்து சேர்ந்த ஹரீஷ்குமாரே சொன்னார். இதற்கு நடுவில் ஒரே ஒரு பொறி மட்டும் காற்றில் பறந்து போய், வேறு எங்கும் விழாமல், மாமாவின் தாள் போரில் விழுந்தது! போர் குபுகுபுவென்று எரிந்தது. நஞ்சம்மாவும் உன் அத்தையும் ஈரச் சாக்கோடு கூரையில் ஏறி வீட்டைக் காப்பாற்றினார்கள். தன் வீட்டுக்கு வந்து பார்த்த மாமா சாம்பலைச் சுற்றி ஒரு தடவை நடந்துவிட்டு, "தள்ளித்தான் போட்டிருக்கணும்" என்று யாரிடமும் இல்லாமல் சொன்னாராம்.

இரண்டு நாள் கழித்து ஹரீஷ்குமார் மேலே ஏறிப் பார்த்துவிட்டு வந்து, தீ கரட்டுக்கு அந்தப் பக்கம் ரோட்டோரத்தில் பிடித்திருக்கிறது, யாரோ சமைத்துவிட்டு அணைக்காமல் போன அடுப்பு கிடக்கிறது, யாரென்று தெரியவில்லை என்றார். மாமா மாடு மேய்த்தது தெற்கே, அந்தப் பக்கமே இல்லை. அதைக் கேட்டதும் எனக்கு உட்கார்ந்த இடத்தில் உடம்பு கூசியது. நான் சொன்னதை அதற்குள் அவருக்கு யாரோ சொல்லியும் விட்டார்கள். உன் அப்பா, வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வா என்றார். நான், எல்லார் முன்னாலும் சொன்னதை வீட்டுக்குள் போய் வாபஸ் வாங்கக் கூடாது என்றேன். வெள்ளிக்கிழமை, தீயன்று எது சரியாக நடந்தது எது நடக்கவில்லை என்று பேசுவதற்குப் பாறைக்களத்தில் கூடினோம், மாமாவும் வந்து ஓரமாக நின்றார். நான் எழுந்து, "எங்கண்ணன் தீ வெச்சாருன்னு இதே எடத்துல சொன்னேன். அது பொய். நாங்க எண்ணிக்கிட்டு நின்னப்ப அவரு ஒத்தையா தீய அடிச்சிக்கிட்டிருந்தாரு. என்ன மன்னிச்சிரு அண்ணா" என்றேன். கையும் எடுத்துக் கும்பிட்டேன். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "நீ சொன்னதுல முழுசும் பொய் இல்ல சரசு. பதினஞ்சு வருஷமா வெச்சவன்தான் நானு. போன வருஷம் நஞ்சம்மா மாட்டக் கொன்ன தீ என்னோடதா இருக்குமோன்னு ஒரு வருஷமா எனக்குத் தூக்கமில்ல, அதான் நீ கேட்டப்ப அவ்ளோ கோவம் வந்துச்சு. இந்த வருஷம் நான் வெக்கல, இனிமேலும் வெக்க மாட்டேன்" என்றார். சொல்லிவிட்டு நஞ்சம்மாவைப் பார்த்தார். நஞ்சம்மா வெகு நேரம் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்க செவப்புக் கெடேரிய எனக்குக் குடுங்கண்ணா, அதோட போதும்" என்றாள். அன்று சாயங்காலமே மாமா அந்தக் கிடாரியை ஓட்டிக்கொண்டு போய் அவள் கொட்டகையில் விட்டார். இப்போது அவள் அதற்குப் பொட்டு வைத்து, கன்னடத்தில் கொஞ்சிக்கொண்டே தண்ணீர் காட்டுகிறாள்.

மறு வாரம் முப்பத்தேழு வீட்டிலிருந்தும் ஆளுக்கு நான்கு கட்டு ராகித்தாள் கொண்டுவந்து மாமாவுக்குப் புதுப் போர் போட்டார்கள். உன் அப்பா கொத்தனார் டேப்பை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரிலிருந்து சரியாக நாற்பதடி அளந்து கோடு போட்டார். மாட்டுக்குத் தாள் எடுக்க இவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறதே என்று மாமா தினமும் அவரைத் திட்டுகிறார். இந்த வெயில் காலத்துக்கு வனத்துறையில் அவரைத் தீக்காவலராக எடுத்துக்கொண்டு ஒரு தொப்பி கொடுத்திருக்கிறார்கள், அதைப் பால் கறக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை. நம் கதையைக் கேட்டு நாட்றாம்பாளையத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் இரண்டு கொட்டாய்க்காரர்கள் தங்களுக்கும் வந்து சொல்லித் தரச் சொன்னார்கள். மொபெட்டில் நானும் மாமாவும் போனோம். பாதித் தூரம் தள்ளிக்கொண்டுதான் போனோம், மேடு ஏறவில்லை. நான் நோட்டை வைத்து எண்ணுவதைச் சொன்னேன், அவர் காற்றைப் பற்றிச் சொன்னார், நடுநடுவே தன் வீரத்தையும் சேர்த்து அந்தத் தீயை ஒவ்வொரு ஊரிலும் பத்தடி உயரம் கூட்டிக்கொண்டே போகிறார். நானும் விட்டுவிட்டேன். பேசும்போது எல்லாம் சரியாகத்தான் பேசினார், ஆனால் நம் வீட்டு வாசல் வரைக்கும் வந்து இறக்கிவிட்டு அப்படியே திரும்பிவிடுவார். உள்ளே வா என்று நான் கூப்பிடும்போதெல்லாம் வேலை இருக்கிறது என்பார். மன்னித்துவிட்டார் என்று ஊருக்குத் தெரியும், எனக்கு மட்டும் சந்தேகமாகவே இருந்தது.

நேற்று மத்தியானம் மழை பெய்தது பாப்பா. இந்த வருஷத்தின் முதல் மழை, அரை மணி நேரம் கொட்டித் தீர்த்தது, கருகிய கரட்டிலிருந்து மண்வாசனை இறங்கி வந்தது. நானும் உன் அப்பாவும் சாப்பிட உட்கார்ந்தோம். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட மாமா நேராக உள்ளே வந்து, தாழ்வாரத்தில் நிற்காமல், அடுப்பங்கரை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "சரசு, களி இருக்குதா" என்றார். இரண்டு உருண்டை களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டேன். குழம்பில் உப்பு குறைச்சல் என்றார், உன் அப்பா அதிகம் என்றார், இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே சாப்பிட்டார்கள். மூன்றாவது உருண்டை கேட்டு வாங்கினார். நான் தண்ணீர் மொள்ளப் போகிற மாதிரி கொல்லைக்குப் போய்ச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன். இன்று காலையில் முதல் வேலையாக உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் தங்கும் அறையில் குளிருக்கு மண்ணெண்ணெய் அடுப்பு வைத்துக்கொள்கிறீர்கள் என்று எழுதியிருந்தாய். ஜன்னலை இரண்டு விரல் அளவாவது திறந்து வை, வெளியே போகிற வழியில் பெட்டி படுக்கை அடுக்காதே, ஆபத்து என்றால் எங்கே போய்க் கூடுவது என்று உன்னோடு இருக்கும் பெண்பிள்ளைகளோடு இப்போதே பேசி வைத்துக்கொள். இதை அம்மா என்று சொல்லவில்லை, மார்ஷல் என்று சொல்கிறேன். பாதத்தைத் துடைத்து எண்ணெய் தடவிக்கொள், பனியில் வெடிக்கும். நேரத்துக்குச் சாப்பிடு. ஆடி மாதம் லீவு கிடைக்குமா என்று கேட்டு எழுது, உன் அப்பா இப்போதே காலண்டரில் வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார். முக்கியமாக ஒன்று, மாமாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, மறந்துவிடாதே. சீருடை போட்டவள் சீருடை போட்டவருக்கு எழுதுவது மாதிரி எழுது, அதை அவர் சொசைட்டியில் பால் ஊற்ற வருகிற ஒவ்வொருத்தருக்கும் படித்துக் காட்டுவார், நானும் போய் வரிசையில் நின்று கேட்பேன். மலைமேல் இருக்கும் முனியப்பன் உனக்குத் துணை இருக்கட்டும், எந்த மலையில் நின்றாலும் உன் கால் உறுதியாக நிற்கட்டும், நூறு வயசு நோய் நொடியில்லாமல் இரு என்று உன் அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உன் அம்மா,
மு. சரசம்மா.